வன்னியபெருமாளின் புகைக் கணக்கு

என் வீட்டுக்காரர் வன்னியபெருமாளுக்குக் கண்ணால் பார்த்ததை வைத்துப் பார்க்காததைக் கணக்குப் போடாவிட்டால் தூக்கம் வராது. உப்பளத்துக்காரர். குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரத்தைத் தள்ளி நின்று பார்த்தே இத்தனை டன் என்பார். லாரியில் ஏற்றி எடை போட்டால் சரியாக இருக்கும். அதற்கு ஊர் மெச்சியதில் மண்டைக்கனம் ஏறிவிட்டது. கல்யாண மண்டபத்து வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு எத்தனை பந்தி ஓடும் என்று ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு கதீஜா காயல்பட்டினத்துக்காரி. புருஷன் சேக் துபாயில், ஒரே மகன் அஃப்ஸல் சீனாவில். ஒருநாள் அவள் வீட்டு நெய்ச்சோறு மணத்தை வைத்தே, அஃப்ஸலுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று இவர் முடிவு கட்டி, குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். உள்ளே கதீஜா ஒருத்திதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "திங்கணும்போல இருந்துச்சு அண்ணாச்சி, உக்காருங்க" என்று இவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். கூச்சநாச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்து, "இருந்தாலும் அது பத்துப் பேருக்குண்டான மணம்ளா" என்றார் என்னிடம்.

இந்தக் கிறுக்கு சிரிப்போடு போயிருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப் போகிறேன்?

இரண்டாயிரத்து இருபது பிப்ரவரி. கொரோனா என்ற பேரே நம் பக்கம் புதுசு. சீனாவில் நோய் கிளம்பிய ஊருக்குப் பக்கத்து ஊரில்தான் அஃப்ஸலுக்கு வேலை. அங்கே ஊரை அடைத்துவிட்டார்கள், பஸ் இல்லை, ரயில் இல்லை. பையன் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தான். தினமும் போன் பண்ணி "நல்லாருக்கேன் உம்மா" என்பான். கதீஜாவும் மனசைத் தேற்றிக்கொண்டு இருந்தாள்.

இங்கே தூத்துக்குடிப் பக்கம் முத்தையாபுரத்தில் என் வீட்டுக்காரர் போனில், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் படம் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு விளையத் தொடங்கும் நேரம், ஒரு மழை வந்தால் எல்லாம் கரைந்து போகும், அதனால் காலையில் எழுந்ததும் அவருக்கு அந்தப் படம்தான். அன்றைக்கு விரல் எதிலோ பட்டு, காற்றுப் படம் போய், எந்த ஊரில் கந்தகப் புகை கூடுதல் என்று சிவப்பில் காட்டும் படம் வந்துவிட்டது. சும்மா இருப்பாரா? படத்தைத் தள்ளிக்கொண்டே சீனாவுக்குப் போனார். அஃப்ஸல் இருக்கிற பக்கம் செக்கச்செவேலென்று ஒரு பெரிய திட்டு.

"ஏளா, இங்க வா. ஊரு அடைச்சுக் கெடக்கு. ஃபாக்டரி ஓடல. அப்ப இந்தப் புகை எங்கேர்ந்து வருது?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொணம் எரிக்கான்ளா! கணக்குல காட்டாம எரிக்கான்."

அந்தத் திட்டுக்கு நீளம், அகலம், உயரம் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், உப்பு அம்பாரத்துக்குப் போடும் அதே கணக்கு. கடைசியில் இருபத்திரண்டாயிரம் பேர் என்று வந்தது.

"ஒரு பொணத்துக்கு இவ்வளவு புகைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அது ஒரு மதிப்புதான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இசக்கியப்பன் டீக்கடைக்குக் கிளம்பினார்.

டீக்கடையில் அவிழ்த்த மூட்டை எங்கெங்கே போனதோ, மறுநாள் துபாயிலிருந்து சேக் அண்ணன் போன் வழியாகக் கதீஜாவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் பட்டமும் வாங்கியிருந்தது. 'உலக விஞ்ஞானிகள் அதிர்ச்சித் தகவல்: சீனாவில் இருபத்திரண்டாயிரம் பேர் ரகசிய எரிப்பு.' எனக்கும் அனுப்பியிருந்தாள். அதை இவரிடம் காட்டினேன். முகத்தில் கொஞ்சமாவது அசடு வழிய வேண்டுமே!

"பாத்தியா? நான் நேத்து சொன்னதைத்தான் சயின்டிஸ்ட்டும் இன்னைக்குச் சொல்லுதான்."

அந்தப் போனை அவர் தலையிலேயே போட்டிருப்பேன், என் போன் என்பதால் விட்டேன்.

கதீஜா அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. "ஊரையே எரிக்கானுவோ, இவன் நல்லாருக்கேங்கான். பெத்தவகிட்ட மறைக்கான் செல்வராணி. அவன் வந்து நிக்கட்டும், அப்புறம் திங்கேன்" என்று படுத்துவிட்டாள். விமானமே இல்லாதபோது அவன் எப்படி வருவான்? அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு வேறு. இன்ஹேலரை நீட்டினால் தட்டிவிட்டாள். மூன்றாம் நாள் அவள் மூச்சு விடும் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கட்டும் என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

"எந்திரிங்க. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு. நீங்க போட்ட கணக்கு, நீங்களே போய் அழிங்க."

"கணக்கு சரியா இருந்தா எப்படிளா அழிக்கது?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதீஜா போனிலேயே அஃப்ஸலை வீடியோவில் கூப்பிட்டேன். தலைமுடி காடாக வளர்ந்து, கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்தான். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். கட்டிலில் கிடந்த உம்மாவைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, அந்தப் படம் உங்க போன்ல இருக்கா? எடுங்க. அதை அப்படியே நம்ம ஊருக்குத் தள்ளுங்க."

தள்ளினார். கடலெல்லாம் தாண்டி வந்தது. தூத்துக்குடியும் வந்தது. நம் கரை மேலே அதைவிடக் கடுஞ்சிவப்பாக ஒரு திட்டு!

"இப்ப அதே அம்பாரக் கணக்கைப் போடுங்க."

எவ்வளவு கிறுக்கு இருந்தாலும் கணக்கில் மட்டும் இவர் பொய் சொல்ல மாட்டார். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். மறுபடியும் போட்டார்.

"என்ன வருது மாமா?"

"முத்தையாபுரத்துல ஒருத்தரும் மிச்சமில்லடே."

"நீங்க?"

"நானும் போயிட்டேன்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்று ஓடினால், கதீஜா சிரித்துக்கொண்டிருக்கிறாள். "யா அல்லா, செத்த மனுசன் சட்டை போட்டு வந்து நிக்காரே!" என்று சிரித்துச் சிரித்து எழுந்து உட்கார்ந்தாள்.

அஃப்ஸல் விளக்கினான். "அது அளந்து போட்ட படமில்ல மாமா. எங்க நிலக்கரி எரியுதுன்னு தெரிஞ்சதை வச்சுக் கம்ப்யூட்டர் போட்ட மதிப்பு. கரண்டுக்கு இங்கயும் எரிக்காங்க, அங்கயும் எரிக்காங்க. பொணமெல்லாம் இல்ல. உம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. எந்திரிச்சுச் சாப்பிடு."

சிரித்த சிரிப்பில் கதீஜாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலருக்குத் தானே கையை நீட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தாள். போன் என் கையில் அவளைப் பார்த்தபடியே இருந்ததை நான் மறந்துவிட்டேன், அவளும் மறந்துவிட்டாள்.

"உம்மா, அது என்ன கையில?"

கதீஜா அதைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். "சளிக்குலே."

"எத்தனை வருசமா?"

அவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பையன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று நாலு வருஷமாக அவள் மறைத்து வைத்தது இது. அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"மாமா" என்றான் பிறகு. "நம்ம தெருவுல எத்தனை வீட்டுல இந்த இன்ஹேலர் இருக்கு?"

என் வீட்டுக்காரர் எப்போதும்போல ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து வாயைத் திறந்தார். தெருக்கோடிக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டார். "கேட்டுட்டு வாரேன்டே" என்று செருப்பை மாட்டினார். ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்று கேட்டதை நான் பார்த்தேன். இவர் எதையாவது கேட்டுத் தெரிந்துகொண்டது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இருட்டும் நேரத்தில் வந்தார். "பதினேழு வீடு. ஒம்பதுல இருக்கு."

"புகையாலயா?" என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? எண்ணிட்டு வந்தேன், அவ்வளவுதான்." உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுக்க அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றார். எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் என்னுடைய இன்ஹேலர் இருக்கும், தினமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார். "பத்து" என்றார் மெதுவாக. அன்றைக்குத்தான் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இப்போது அஃப்ஸல் காலையில் எழுந்ததும் அந்தப் படத்தைத்தான் திறக்கிறான். உடனே போன் வந்துவிடும். "உம்மா, நம்ம ஊரு செவப்பா இருக்கு. ஜன்னலைச் சாத்து. காயல்பட்டினத்துக்குப் போயி இருன்னு எத்தனை தரம் சொல்லுதேன்."

"எனக்கென்னலே, நல்லாருக்கேன்" என்பாள் கதீஜா.

அவன் நம்புவதில்லை. வீடியோவைப் போடு, கிட்ட வா, மூச்சு விடு, நான் கேக்கணும் என்பான்.