யூரியாம்மா என்று அழைக்கப்பட்ட வேதவல்லி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது. திரையில் வேதவல்லியின் பெயர். ‘இந்த அம்மாவுக்குப் பொழுது விடிந்தால் போதும், ஏதாவது ஓர் இலையைப் பற்றிப் பேச வேண்டும்’ என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர்.

“சாந்திம்மா, வேதா போயிட்டாம்மா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிந்தும் இப்படி முந்திக்கொண்டு போகலாமா? அவரை நன்கு அறிந்தவர்களுக்கும் அதுவரை அது என்னவென்று தெரியாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேதவல்லி அவர்கள் குரும்பகரத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். காரைக்காலில் எங்கள் வேளாண் அலுவலகத்தில் களப்பணியாளராக இருந்தார். நானும் அதே வேலைதான், ஆனால் தற்காலிகம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கடைசி வரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசிக்கொண்டோம். எனக்கு மொபெட் ஓட்டத் தெரியும், அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால், “நீங்க ஓட்டுங்க, நான் வயலப் பாத்துக்கிட்டு வர்றேன்” என்பார். பாதி வழியில் தோளைத் தட்டுவார். நிறுத்த வேண்டும். இறங்கிப்போய் யாரோ ஒருவருடைய கீரைப் பாத்தியில் குந்திக்கொள்வார். “இப்படியே போனா அடுத்த சனிப்பெயர்ச்சிக்குத்தான் திருநள்ளாறு போய்ச் சேருவோம்” என்று நான் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

கீரை மஞ்சளாகிவிட்டது என்று யாராவது வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “மேல் எலையா, கீழ் எலையா?” அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. “தாய்க்காரி தன் வயித்தக் காயப்போட்டுட்டுப் புள்ளைக்கு ஊட்டுறா பாருங்க. கிழட்டு எலையில இருக்குற சத்தக் கொழுந்து இழுத்துக்குது” என்பார். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. அதற்குக் கண்டதையும் கொட்டினால் கேடு. கேள்வியோடும் விடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கடைத்தெருவில், கீரை விற்கும் பெண்ணிடம் ஒரு கட்டைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு இரும்புச்சத்து பத்தலீங்களே” என்றார். அந்தப் பெண் விடுவாளா? “வாங்குறதுன்னா வாங்கு, எங் கீரைக்கு வைத்தியம் பாக்காத!” என்று கூட்டத்துக்கு நடுவே கத்திவிட்டாள். எனக்கு மானமே போயிற்று. இவரோ சிரித்துக்கொண்டே அந்தக் கட்டையே வாங்கிக்கொண்டு, எந்த ஊர், என்ன மண் என்று அவளிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம். திருவேட்டக்குடியில் மாரியம்மா என்ற பெண். கணவரின் படகு உடைந்துபோனதால் வீட்டுக்குப் பின்னால் இருந்த மணல் நிலத்தில் சிறுகீரை போட்டிருந்தாள். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்தப் பாத்திதான் கஞ்சி. அங்கே நடந்த ஒரு கூட்டத்தில் வேதவல்லி அவளைப் பார்த்து, “எல நெறம் மாறுனா ஒடனே ஆபீசுக்குப் போன் பண்ணுங்க” என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

போன் வந்தது. அன்று வேதவல்லி வெளியே போயிருந்தார். மாலை ஐந்து மணி, மொபெட் பட்டறையில் கிடந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவள் நான்.

“வேதவல்லி அம்மாங்களா?”

“ஆமா, சொல்லுங்க” என்றேன். இல்லை என்றால் பெயர், ஊர், விவரம் எல்லாம் எழுதிவைக்க வேண்டும். அந்தச் சோம்பலுக்குத்தான் அந்த ‘ஆமா.’

“கீரையெல்லாம் மஞ்சளாக் கெடக்கும்மா. மீன் தண்ணி நல்லதுன்னாங்க, கருவாடு கழுவுற தண்ணியத் தெனம் ஊத்திக்கிட்டுத்தான் வர்றேன்.”

கருவாடு கழுவிய நீர் என்றால் உப்பு. ஏற்கெனவே கடல் உப்பு ஏறிய மண். அதன் மேல் யூரியாவும் விழுந்தால் பயிர் கருகிவிடும். மேல் இலையா, கீழ் இலையா என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. “பாத்திக்கு ரெண்டு கை யூரியா தூவி விடுங்க, பச்சை கட்டிடும்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

பச்சை கட்டவில்லை. நாலாம் நாள் இலை ஓரம் கருகி, ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கப் படுத்துவிட்டது. மாரியம்மா நான்கைந்து பெண்களோடு அலுவலகத்துக்கு வந்து, “வேதவல்லி அம்மா சொல்லித்தான் போட்டேன். எங் குடி போச்சே!” என்று வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். அதிகாரி வேதவல்லியை உள்ளே கூப்பிட்டார். நானும் அங்கே நின்றேன்.

“நீங்களா சொன்னீங்க?”

“நானா?” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். பிறகு, “ஆமா சார், சொல்லிட்டேன். தப்புதான்” என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் இப்பவே போய்ச் சொல்லிடறேங்க.”

“கொஞ்சம் சும்மா இருங்க சாந்தி. உங்க வேலையை நிரந்தரம் பண்ற காகிதம் இந்த மாசம் வரணும். இப்ப இது தெரிஞ்சா வருமா? என்னை என்ன பண்ணிடுவாங்க, கிடங்குல உக்கார வைப்பாங்க. காகிதம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கங்க.”

காகிதம் வந்தது. நான் சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அவர் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. வயலைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாத மனுஷி, ஒரு வருஷம் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பின்னிருக்கையில் ஆளில்லாமல் நான் ஊர் ஊராகப் போனேன். வழியில் வெளுத்த கீரை கண்ணில் படும்போதெல்லாம் தோளில் தட்டு விழும் என்று காத்திருப்பேன். இன்றும் அந்த ஏக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்னை மொபெட் எடுக்கச் சொல்வார். நேரே திருவேட்டக்குடிதான். முதல் வேலையாகக் கருவாட்டுத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். ஐப்பசி மழையில் உப்பு கழுவிக்கொண்டு போகும்வரை பொறுத்து, மக்கிய எருவைப் போட்டு, மறுபடி விதைக்க வைத்தார். கொழுந்து வெளுத்தபோது இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு தன் கையாலேயே இலையில் தெளித்தார். “மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, பூட்டிக் கெடக்கு. வேரால எடுக்க முடியல. அதான் எலைக்கே நேரா குடுக்குறோம்” என்று மாரியம்மாவிடம் விளக்குவார். அவள் முகம் கொடுக்க மாட்டாள். புதுக் கொழுந்து பச்சையாக வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அவள் மனம் இறங்கவில்லை. “யூரியாம்மா வந்திருக்கு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. எதிரிக்கும் தண்ணீர் கொடுக்கும் ஊர் அது. அத்தனை ஞாயிறும் உச்சிவெயிலில் நின்ற வேதவல்லிக்கு அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கிடைத்ததில்லை. நான் வேலிக்கு வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். பாவி நான், நின்றேன்.

வெள்ளிக்கிழமை குரும்பகரத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வந்தது. எல்லாம் பாத்தி வைத்திருப்பவர்கள். அவரைக் குளிப்பாட்டக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த நேரத்தில், பஸ்ஸை விட்டு இறங்கி மாரியம்மா வந்தாள். தலைமாட்டில் நின்று கும்பிட்டாள்.

“யூரியாம்மா, எங் குடியக் கெடுத்ததும் நீங்க, எடுத்து நிறுத்துனதும் நீங்க. பழச நான் மறந்துட்டேன். நிம்மதியாப் போங்க.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவர் போவதா? அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மாரியம்மா, அன்னைக்குப் போன்ல பேசுனது அவங்க இல்ல. நான்.”

“அவங்கதானே ஆமான்னாங்க?”

“நான்தான் ஆமான்னேன். யூரியா போடச் சொன்னதும் நான்தான். எம் பொழப்புக்காக அவங்க தலையில போட்டுக்கிட்டாங்க.”

அவருடைய கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம்கூட வேதவல்லி சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாரியம்மா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எல்லா ஞாயித்துக்கெழமையும் வேலிக்கு அந்தாண்ட நின்னீங்களே, நான் பேசுனதெல்லாம் காதுல விழுந்துதா?” என்று மட்டும் கேட்டாள். விழுந்தது என்றேன். அவள் என்னை விட்டுத் திரும்பி, வேதவல்லியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “இந்தக் காலு எம் பாத்தியில வெந்துச்சே. ஒரு வாய் தண்ணி குடுக்கலியே, சண்டாளி!” என்று தன் முகத்தில் தானே அறைந்துகொண்டாள்.

பிறகு எழுந்து அவர் கணவரிடம் போனாள். “ஐயா, நான் ஒறவு இல்ல. ஒரு செம்பு தண்ணி ஊத்திக்கிறேன், வேணாம்னு சொல்லிடாதீங்க.”

அவர் தலையசைத்தார். உறவுக்காரப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாரியம்மா குடத்திலிருந்து செம்பில் மொண்டு, அந்தப் பாதங்களில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றும்போது, “வேதவல்லியம்மா, வேதவல்லியம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேதவல்லி, காகிதம் வந்த பிறகு சொல்லச் சொன்னீர்கள். நான் உங்கள் உயிர் போன பிறகு சொன்னேன். உங்கள் காதுக்கு எட்டாத சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆனாலும் உங்கள் பெயரை உங்களிடமே கொடுத்து அனுப்பிவிட்டோம். போய் வாருங்கள். திருவேட்டக்குடியில் இனி யாராவது யூரியாம்மா என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்க வேண்டியவள் நான்.