காது சொறியிற இடம்

எங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியும். வேலை மேல கோவம் இல்ல. அத அவர் சொல்ற லட்சணம் இருக்கே, அதுதான். எங்க அண்ணன் ஒரு நாள் சாப்பிட வந்திருந்தப்ப, "மாப்ளே, அந்தப் பொம்மைப் படத்துல உங்க பங்கு என்ன?"ன்னு பேச்சுக்குக் கேட்டார். இவர் தட்டையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம், "யாரும் ஒண்ணும் பண்ணாம நிக்கிற இடம் ஒண்ணு வரும் மச்சான். அத நான் பண்றேன்"னார். அண்ணனுக்குப் புரையேறிடுச்சு. "சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமா? என்னையும் சேத்து விடுங்க!" எனக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிறதுன்னே தெரியல.

அது என்ன இடம்னு நானே சொல்லிடுறேன். அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். படத்துல ஒரு கரடி, ஒரு வாத்து, ஒரு முள்ளம்பன்றி. மூணும் ஒரே ஆத்தங்கரையில குடியிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வில்லங்கம் வரும். வண்டி சேத்துல மாட்டிக்கும், இல்ல பாலத்துல பலகை ஒடிஞ்சிடும். வாத்து ஒரு அவசரக்குடுக்கை, எதையாவது பண்ணி இன்னும் கெடுத்து வைக்கும். முள்ளம்பன்றி "நான் அப்பவே சொன்னேன்"னு முனகிக்கிட்டே இருக்கும். கடைசியில கரடி நம்ம பக்கம் திரும்பி, "இப்ப என்ன பண்ணலாம்?"னு கேக்கும். கேட்டுட்டு நிக்கும். காதைச் சொறியும். வாத்து கால் மாத்தி நிக்கும். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. டிவிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற கொழந்தைங்க கத்திப் பதில் சொல்றதுக்குன்னே விட்ட இடம் அது. அது முடிஞ்சதும் கரடி, "ஆஹா, கேட்டுச்சு! நல்ல யோசனை!"ன்னு சொல்லிட்டு வேலையில இறங்கும்.

ஆபீஸ்ல அதுக்குப் பேரே காது சொறியிற இடம்தான். அது எங்க தொடங்கணும், எவ்வளவு நீளம் இருக்கணும்னு பாத்து வெட்டி ஒட்டுற எடிட்டர் எங்க வீட்டுக்காரர். இத அண்ணன்கிட்ட இப்படி நாலு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

அதுக்கு முன்னாடி கல்யாண வீடியோ கடையில இருந்தார். அங்கயும் இதே கதைதான். ஒரு வீட்டுல பொண்ணு கார்ல ஏறிக் கிளம்பறப்ப, பொண்ணோட அப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நின்னிருக்கார். இவர் அத அப்படியே நீளமா விட்டுட்டார். "இதுல என்ன இருக்கு? பாட்டைப் போட்டு வெட்டித் தள்ளு"ன்னு கடைக்காரர் கத்தினார். இவர் வெட்டல. வேலைதான் போச்சு. நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, அந்தப் பொண்ணோட சித்தி வீடு தேடி வந்தாங்க. பொம்மைப் படம் எடுக்கிற ஆபீஸ் வச்சிருக்காங்களாம். அந்த வீடியோவைப் பாத்துட்டு இவரையேதான் வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. அவங்கதான் முதலாளியம்மா.

வீட்டுல கேக்கணுமா? ஒரு கேள்வி கேட்டா, பதில் வர்றதுக்குள்ள கொடியில போட்ட துணி காஞ்சிடும். இடிச்ச புளி மாதிரி உக்காந்திருப்பார். அதனால கேள்வியும் நானே, பதிலும் நானேன்னு ஆகிப்போச்சு. "குழாய் ஒழுகுதே, எப்ப சரி பண்ணுவீங்க? பண்ண மாட்டீங்க, எனக்குத் தெரியாதா!" இப்படித்தான் எங்க வீட்டுப் பேச்சு ஓடும். அந்தச் சமையலறைக் குழாய் சொட்டு சொட்டுன்னு என் உயிரை எடுக்குது. பாலம் ஒடிஞ்சா கரடிக்கு வழி தெரியுது, சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வழி பண்ணத் தெரியல. கேட்டா "பாக்கலாம்"னு ஒரு வார்த்தை.

ஆனா ஒண்ணு, வேலைன்னா வேலைதான். வெட்டினதை வீட்டுக்குக் கொண்டு வந்து பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுவார். பாப்பா எங்க பொண்ணு, இன்னும் ஒண்ணாம் வகுப்பு போகல. இவர் படத்தைப் பாக்கவே மாட்டார். டிவி பக்கத்துல தரையில உக்காந்து பாப்பா வாயைத்தான் பாப்பார். கரடி கேட்டதும் அவ வாய் கொஞ்சம் திறக்கும், மூடும், திரும்பத் திறக்கும். அப்புறம்தான், "கயித்தைக் கட்டி இழு!"ன்னு தெருவே கேக்கிற மாதிரி ஒரு கத்து. பக்கத்து வீட்டுக் கொழந்தைங்களுக்கும் போட்டுக் காட்டுவார். "வாய் முதல்ல திறக்கிறப்ப வெட்டிடக் கூடாது. ரெண்டாவது தடவைதான் சொந்த யோசனை வருது"ன்னு ஒரு நாள் சொன்னார். அவ்வளவு நீளமா அவர் பேசினதே எனக்கு ஆச்சரியம்.

இப்படி இருக்கறப்பதான் பெரிய சேனல் ஒண்ணு இந்தப் படத்தை வாங்கிக்க முன்வந்துச்சு. அது கிடைக்கலன்னா ஆபீஸையே இழுத்து மூட வேண்டியதுதான்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. அனுப்பினாங்க. அனுப்பின வேகத்துல அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. அங்க படத்தைச் சோதிக்க ஒரு மெஷின் வச்சிருக்காங்களாம். எங்கயாவது சத்தமே இல்லாம இருந்தா பழுதுன்னு சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிடுமாம். காது சொறியிற இடம் ஒண்ணு விடாம சிவப்பு. ஒரு மனுஷன் பாத்தானா, ஒரு கொழந்தைக்குப் போட்டுக் காட்டினானா? கிடையாது. மெஷின் சொல்லிடுச்சு, முடிஞ்சுது.

"எடிட்டர் சார், அந்த இடத்துல ஒரு டிங் டாங் போட்டு அனுப்புங்க"ன்னாங்க முதலாளியம்மா. இவர் மாட்டேன்னுட்டார். சரி, மியூசிக் வேண்டாம், காட்டுச் சத்தமாவது போடுங்கன்னாங்க. குருவிச் சத்தம் போட்டுக் கொண்டு வந்தார். கரடி கேட்டுச்சு, குருவி கத்துச்சு. பாப்பா, "குருவி எங்கப்பா? வருமா?"ன்னு தேட ஆரம்பிச்சுட்டா. ஆத்துச் சத்தம் போட்டா, வெள்ளம் வருதான்னு பாக்கறா. இவர் எல்லாத்தையும் எடுத்துட்டு, சத்தமே இல்லாம வச்சாதான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னார்.

முதலாளியம்மா எனக்கே போன் பண்ணிட்டாங்க. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும். இல்லன்னா வேற ஆளை வச்சு முடிச்சுடுவேன். எனக்கும் வேற வழியில்ல." இன்னொரு தடவை வேலை போச்சுன்னா அண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது? அன்னிக்கு அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒரு கரடி காதைச் சொறியறதுக்காக எங்களைத் தெருவுல நிறுத்தப் போறீங்களா?" அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே நின்னார். மறுநாள் எல்லா இடத்துலயும் மியூசிக் போட்டு முடிச்சுட்டார். அனுப்பறதுக்கு முன்னாடி பழக்கம் விடாம வீட்டுக்கு ஒண்ணு கொண்டு வந்தார்.

பாப்பா பாத்தா. வாத்தோட தொப்பி மரத்து உச்சியில மாட்டிக்கிச்சு. கரடி திரும்பி, "இப்ப என்ன பண்ணலாம்?"னு கேட்டுச்சு. டிங் டாங், டிங் டாங். பாப்பா தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா. வாய் திறக்கல. மியூசிக் நின்னுது. "ஆஹா, கேட்டுச்சு! நல்ல யோசனை!"ன்னுச்சு கரடி.

பாப்பா எங்களைத் திரும்பிப் பாத்தா. "நான் ஒண்ணுமே சொல்லலயே"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "கரடி பொய் சொல்லுது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. படம் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.

அவர் முகத்துல ஈயாடல. அதுவரைக்கும் எனக்கு அவர் மேல இருந்த கோவம் இப்ப யார் மேலன்னு தெரியாம சுத்துச்சு. அந்த மெஷின் மேல, முதலாளியம்மா மேல, வாய்க்கு வந்தபடி பேசி அவரை விரட்டின என் மேல, எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்காத இவர் மேல. சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை டமார் டமார்னு போட்டேன். பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல.

"அங்க போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? கொழந்தைங்க பதில் சொல்ல மாட்டேங்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சத்தம் இல்லாம மெஷின் விடாதாம்."

"சத்தம் இல்லாம எந்த வீடு இருக்கு? இதோ, ஃபேன் கடகடங்குது, குழாய் ஒழுகுது, நான் கத்திக்கிட்டு இருக்கேன். இத்தனைக்கும் நடுவுலதான் அவ கரடிக்குப் பதில் சொல்றா. அவளுக்கும் கேக்கறதில்ல, உங்களுக்கும் கேக்கறதில்ல. இந்த வீட்டுச் சத்தம் யார் காதுலதான் விழுது!"

நான் சொன்னது குத்திக் காட்டறதுக்கு. மனுஷன் காதைச் சொறிஞ்சுக்கிட்டே என்னைப் பாத்துட்டு நின்னார். அப்புறம் விறுவிறுன்னு உள்ளே போய், பைக்குள்ள இருந்த, சத்தம் பதியிற ரெக்கார்டரை எடுத்துட்டு வந்து சமையல் மேடை மேல வச்சார்.

"கொஞ்ச நேரம் பேசாம இரேன்"னார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கரண்டியாலயே ஒண்ணு போட்டிருக்கணும். இவ்வளவு கத்தினதுக்குப் பதில் இதுதானா? முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசாம மிச்சப் பாத்திரத்தைக் கழுவி முடிச்சேன். அவருக்கு அதுதான் வேணுமாம்.

வெள்ளிக்கிழமை படம் சேனலுக்குப் போச்சு. மெஷின் ஒரு சிவப்புக் கோடு கூடப் போடலன்னு முதலாளியம்மா போன்ல குதிச்சாங்க. "என்னம்மா மாயம் பண்ணார்?"னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? என்கிட்ட அவர் சொன்னாதானே!

பெரிய சேனல்ல முதல் நாள் வந்தப்ப அண்ணனும் வந்திருந்தார். எல்லாரும் டிவி முன்னாடி. அதே தொப்பி, அதே மரம். கரடி திரும்பிச்சு. "இப்ப என்ன பண்ணலாம்?"

ரொம்ப மெதுவா ஃபேன் சத்தம் கேட்டுச்சு. எங்கயோ ஒரு பாத்திரம் லேசா இடிச்சுது. யாரோ மூக்கை உறிஞ்சினாங்க. அப்புறம் சொட்டு, சொட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க வீட்டுக் குழாய்! நான் பேசாம இருந்த அந்த நேரம்! அண்ணனுக்கு ஒண்ணும் கேக்கல, அவர்பாட்டுக்கு உக்காந்திருந்தார். பாப்பா வாய் திறந்துச்சு, மூடிச்சு, திரும்பத் திறந்துச்சு. "முள்ளம்பன்றி முதுகுல ஏறாத! குச்சியால தட்டு!"

"ஆஹா, கேட்டுச்சு!"ன்னுச்சு கரடி. பாப்பா எங்களைப் பெருமையாத் திரும்பிப் பாத்தா.

அண்ணன் கிளம்பினதும் நான் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். ஊர்ல இருக்கிற கொழந்தைங்க எல்லாம் எங்க வீட்டு ஒழுகுற குழாய் முன்னாடி நின்னு யோசிக்குதுங்க, யோசிக்க வேண்டிய ஆள் மட்டும் யோசிக்கல. திட்டறதுக்கு வாயைத் திறந்தேன். மூடிக்கிட்டேன்.

"இப்ப என்ன பண்ணலாம்?"னேன்.

கேட்டுட்டு நின்னேன். குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அவர் காதைச் சொறிஞ்சார். பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவர் வாய் கொஞ்சம் திறந்துச்சு, மூடிச்சு. நான் கால் மாத்தி நின்னேன். திரும்பத் திறந்துச்சு.

"உள்ள வாஷர் தேஞ்சு போச்சு. போன தடவை நானே மாத்தி, தப்பான அளவு போட்டுட்டேன். சொன்னா நீ திட்டுவியேன்னுதான் சொல்லல"ன்னார்.

"ஆஹா, கேட்டுச்சு!"ன்னேன்.