கண் மூடிக் கடந்த சிம்பாங்

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அப்பா, காற்றுக்குப் போடும் மேல்சட்டையை முன்பின்னாகத்தான் மாட்டிக்கொள்வார். அதனால் ‘சிப்பு’ என்று நாங்கள் சொல்லும் ஜிப் முதுகுப் பக்கம் வந்துவிடும், பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ளும் எனக்கு அந்த உலோகப் பற்கள் சில்லென்று கன்னத்தில் பதியும். ஜார்ஜ் டவுனில் பள்ளிக்குப் போன காலைகளை நினைத்தால் முதலில் வருவது அந்தக் குளிர், அடுத்து வருவது பயம்.

எங்கள் சந்து பெரிய சாலையை வெட்டும் இடத்தில் சிக்னல் விளக்கு கிடையாது. தரையில் வெள்ளைச் சாயத்தில் நில் என்பதற்கு ‘பெர்ஹெந்தி’ என்று மலாயில் எழுதியிருக்கும். யாரும் நின்று நான் பார்த்ததில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, எதிரே வருபவர் முகத்தைப் பார்த்து, அவர் தயங்கினால் நாம் நுழைந்துவிடுவது, இதுதான் அங்கே சட்டம். சாலைக்கு அந்தப் பக்கம் முக்கில் முனீஸ்வரர் கோயில் இருந்ததால் எங்களவர்கள் அந்தச் சந்திப்பை ‘முனீஸ்வரர் சிம்பாங்’ என்பார்கள்.

துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த அப்பா, சாமியைப் பார்க்காமல் ஒரு நாளும் அந்த இடத்தைத் தாண்டமாட்டார். அந்த வெள்ளை எழுத்தருகே வந்ததும் வலது கையை எடுத்து, நெற்றியையும் நெஞ்சையும் தொட்டு, “முனீஸ்வரா” என்று கண்ணை மூடுவார். முறுக்குப்பிடியும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தான். வண்டியோ தன்பாட்டுக்குச் சாலையில் இறங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கும் கும்பிடத்தான் ஆசை. கண்ணை மூடினால் யார் வருகிறார்கள் என்று தெரியாது, மூடாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று இன்னொரு பயம். கடைசியில் வலது பக்கம் பார்ப்பேன், இடது பக்கம் பார்ப்பேன், சாமியிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அப்பாவிடம் சொன்னதில்லை. சாமி கும்பிடுகிறவரை எப்படித் தடுப்பது?

ஆறாம் ஆண்டுப் பரீட்சைக்குப் போன அன்று மட்டும், எனக்காக ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் கண்ணை மூடினேன்.

ஹாரன் கேட்டது. திறந்தபோது தரையில் கிடந்தேன். எங்களைச் சுற்றிலும் ரொட்டிப் பாக்கெட்டுகள் சிதறிக் கிடந்தன. தினமும் எங்கள் வட்டாரத்தில் ரொட்டி விற்கும் பாய், தன் வண்டியை நிமிர்த்திக்கொண்டே கத்தினார்.

“என்னண்ணே, கண்ண மூடிக்கிட்டா சிம்பாங்ல எறங்குவீங்க? புள்ளைய வேற வச்சிருக்கீங்க!”

“சாமி கும்பிட்டேன் பாய்.”

“கும்பிடுங்கலா, யாரு வேணாங்கிறா? நின்னு கும்பிட்டா கொறஞ்சா போயிடும்? நான் மௌத்தாப் போயிருந்தா மேல போய் என்னன்னு சொல்றது? முனீஸ்வரர் வாசல்ல ரொட்டி வித்தேன்னா?”

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் கணுக்கால் வண்டிக்கடியில் மடங்கியிருந்தது. கோயிலிலிருந்து ஓடிவந்தவர்கள் அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். “பரீட்சையா? ஏறு தாயி” என்று பாய்தான் என்னை ரொட்டிக் கூடைக்கு முன்னால் உட்கார வைத்துப் பள்ளியில் இறக்கிவிட்டார், கையில் ஒரு பன்னையும் திணித்தார். சாப்பிட முடியவில்லை.

“காலோட போச்சு, அவன் புண்ணியம்” என்று அம்மா கற்பூரம் ஏற்றினார். நானும் கும்பிட்டேன், ஆனால் அன்று காவல் காக்கத் தவறியது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு அப்பா அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்தச் சத்தம் கேட்டால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

அவருடைய கடைசி வருடத்தில்தான் சொன்னேன். “அப்பா, தினமும் நான் பாத்துக்கிட்டு வருவேன். அன்னைக்குத்தான் கண்ண மூடிட்டேன்.”

“தெரியும்லா,” என்றார். “நீ ரெண்டு பக்கமும் திரும்பறப்ப ஒன் ஹெல்மெட்டு என் முதுகுல இடிக்கும். ரெண்டு இடி இடிச்சப்புறந்தான் கைய எடுப்பேன். அன்னைக்கு இடிக்கல. இருந்தாலும் ஒனக்குப் பரீட்சையாச்சே, கேக்காம எப்படிம்மா தாண்டுறது?”

இப்போது அப்பா இல்லை, பாயும் இல்லை. கோயில் உள்ளே தள்ளிப் போய்விட்டது; சிக்னல் மட்டும் இன்னும் வரவில்லை. முகம் பார்த்து வழிவிட்ட அந்தப் பழைய சட்டமும் போயிற்று, எல்லாக் கார்களிலும் கறுப்புக் கண்ணாடி; உள்ளே இருப்பவர் தயங்குகிறாரா, போனைப் பார்க்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு என் மகள் தினமும் தனியாக மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போகிறாள். “நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துப் போ. சாமிய நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி அனுப்புகிறேன். பிறகு பூசையறையில் விளக்கேற்றி, ‘போய்ச் சேந்துட்டேன்’ என்று அவள் செய்தி அனுப்பும்வரை, கண்ணை மூடாமலே கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.