சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய பத்தாவது எபிசோடு

காற்றைக்கூட ரேஷனில் கொடுக்கும் ஒரு நகரத்தைப் பற்றிய ஜப்பான் அனிமே தொடர். நாயகனின் தங்கச்சிக்குக் காற்றை நிறுத்திய இடத்தில் ஒன்பதாவது எபிசோடு முடிந்துவிட்டது.

இன்று கொட்டாரம் பஸ்ஸில் ஜெரினைப் பார்த்தேன். பென் டிரைவில் தொடரை ஏற்றித் தந்தவன் அவன்தான்.

"எதுவர பாத்த?"

"ஒம்பது முடிஞ்சு. அந்தத் தங்கச்சி பொழச்சிருவால்லா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல மக்கா. நீ மொதல்ல சாப்பிடு. பொறவு பாரு."

தாத்தா இறந்த அன்று, மஸ்கட்டிலிருந்த மாமாவுக்கும் போனில் இதே குரலில்தான் சொன்னார்கள். "ஒண்ணுமில்ல. சாப்டியா? லீவு கிட்டுனா ஒரு நட வந்துட்டுப் போ."

இறங்கும்போது ஜெரின் கேட்டான்: "வீட்டுல கூட யாராவது உண்டா?"

முழுத் தொடரையும் பார்த்தவர்கள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சாப்பிட்டுவிட்டேன்.