அத்தை வாதாடிய பக்கம்

எங்கள் வீட்டு வழக்குகள் சாரல் காலத்தில்தான் விசாரணைக்கு வரும். இது எங்கும் எழுதி வைத்த விதியல்ல. ஆனால் வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், எழுதி வைத்த விதி எதுவும் இத்தனை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டு நான் பார்த்ததில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் வெளியூர்ச் சொந்தங்கள் தென்காசியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடும். காலையில் எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் நின்று, வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரியவர்கள் கூடத்தில் உட்காருவார்கள். பாகப்பிரிவினையோ கல்யாணமோ, அப்போதுதான் எடுக்கப்படும். அருவியில் தலை கொடுத்தவனுக்கு அன்றைக்குக் கோபம் வராது என்பது தாத்தாவின் நம்பிக்கை.

எனக்கு ஒன்பது வயதில் எடுக்கப்பட்ட வழக்கு அத்தையுடையது. அப்பாவின் கடைசித் தங்கை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கித் தத்துவத்தில் பி.ஏ. முடித்திருந்தாள். அந்தப் படிப்பைப் பற்றி வீட்டில் ஒரு நோயைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள்: தணிந்த குரலில், சீக்கிரம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு. சரியாகவில்லை. சென்னையில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர இடம் கிடைத்திருந்தது. செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையும் கிடைத்திருந்தார். சாரல் முடிவதற்குள் இரண்டில் ஒன்று தீர்மானமாக வேண்டும்.

பெரியப்பா சென்னையில் பொறியாளர். "இன்ஜினியரிங் படிச்சா பாலம் கட்டலாம். இவ தத்துவம் படிச்சு என்னத்தைக் கட்டப் போறா?" என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். "மூட்டையைத்தாண்ணே. மெட்ராஸுக்கு" என்றாள் அத்தை, அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே.

விசாரணைக்கு முந்தைய நாட்களில் அவள் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவாள். சாரலில் துணி காயாது. ஆனாலும் காயப் போடுகிறோம் என்பது எங்களுடைய சாக்கு. "ஏட்டி, நீதான் நான். நான் தாத்தா. கேளு" என்பாள். நான் படிக்கப் போகணும் என்பேன். அவள் தாத்தாவாகப் பதில் சொல்வாள். தினமும் நான்தான் தோற்றேன். ஒருநாள் அழுகை வந்துவிட்டது. "தாத்தாவுக்கு இவ்வளவு நல்லாப் பேச வராது" என்றேன்.

"வராதுல்லா? அதான் நான் பேசிப் பாக்கேன்" என்றாள்.

கூடத்தில் எப்படியும் தாத்தா பக்கத்தை விட்டுத் தன் பக்கத்தைப் பேசுவாள் என்று நம்பியிருந்தேன்.

அன்றைக்குத் தாத்தா வெற்றிலையை மடக்கி வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லுட்டி, உன் பக்கத்தை" என்றார்.

"மொதல்ல உங்க பக்கத்தைச் சொல்லிருதேன்ப்பா. தப்பா இருந்தா திருத்துங்க."

சொன்னாள். கடைசிப் பெண் கல்யாணமாகாமல் இருக்கும்போது அவர் கண்ணை மூடிவிட்டால், அவள் அண்ணன்மார் தயவில் நிற்க வேண்டும். அண்ணன்மார் எப்படி என்று அவருக்குத் தெரியும். (பெரியப்பா உத்தரத்தைப் பார்த்தார்.) இந்தப் படிப்பால் இன்ன வேலை கிடைத்தது என்று ஊரில் ஒருத்தரைக்கூடக் கைகாட்ட முடியாது. சென்னையில் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து அவர் வரவேண்டும். நல்ல மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வருவதில்லை. எல்லாரும் தடுத்தும் அவளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். பஜாரில் இருந்த தம் கடைக்கு வருகிறவன் போகிறவன் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டார். "அதுக்கு இதுவரைக்கும் நானும் உங்ககிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. நான் கதவோரம் நின்று 'ஆனா' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அவ்வளவுதான். எதையும் விட்டுட்டேனாப்பா?"

பெரியப்பா தொடையைத் தட்டினார். "அவளே ஒத்துக்கிட்டால்லா! செங்கோட்டைக்கு ஆள் அனுப்பிருவோம்."

"ஏலே, நீ சும்மா இரி. உன்கிட்டயா கேட்டா?" என்றார் தாத்தா. பிறகு முற்றத்துக்குப் போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணை விட்டுட்டே" என்றார் அத்தையைப் பார்த்து. "இன்னும் படிச்சுட்டு வந்தா, எங்கிட்ட பேசுததுக்கு உனக்கு என்ன இருக்கும்?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "அது எனக்குத் தோணவே இல்லப்பா."

அதன்பிறகு நடந்ததற்கு எந்த நடைமுறை நூலிலும் இடமில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல், தாத்தா தமக்குத் தாமே பதில் சொல்ல ஆரம்பித்தார். மெட்ராஸ் என்ன சீமையிலா இருக்கு, ராத்திரி ஏறினா காலைல. அவன் மரக்கடை அங்கனதான இருக்கும், எந்திரிச்சு ஓடிரவா போகுது. காப்பி வருவதற்குள் அத்தை சென்னைக்குப் போவது முடிவாகி, விடுதி பார்க்கும் பொறுப்பு பெரியப்பா தலையில் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வந்ததும் தாத்தா கடையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "உன் பாடத்துல வார அந்த ஜெர்மன்காரன் இப்ப என்ன சொல்லுதான்?" என்று, கணக்குத் தீர்க்காமல் ஊரைவிட்டுப் போன ஆளைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்பார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவன் சொல்லுததும் சரிதாம்" என்பார்.

என் பணிக்காலம் முழுவதும் 'எதிர்த்தரப்பாருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது' என்று ஆணைகளில் எழுதியிருக்கிறேன். முறைப்படி எல்லாம் சரி. அந்தத் தரப்பை அவரே தம் வாயால் சொல்வதைவிட நன்றாக ஒருமுறை நான் சொல்லிப் பார்த்ததுண்டா என்று எந்தத் தணிக்கையும் கேட்கவில்லை. இப்போது எங்கள் குடியிருப்பில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் வந்து, கலைப் பாடம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இதற்கு மட்டும் அத்தையின் கதையைத்தான் சொல்கிறேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கணினித் துறையைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் மாடியில் ஈரத் துணிகளை எடுக்கும்போது அவளோடு சண்டை போட்டேன். "உன் பக்கத்தைச் சொல்லவே இல்லையே. தாத்தா மனசு மாறலைன்னா?"

"மாறலைன்னா செங்கோட்டைதான்" என்றாள், துணியை உதறி.

நான் நம்பவில்லை. எல்லாம் அவள் முன்கூட்டியே போட்ட திட்டம் என்றே முடிவு செய்தேன். தாத்தாவிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்ற இடத்தில் அவள் குரல் நடுங்கியது எனக்கும் கேட்டிருந்தது. என்ன அழகாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.