சாபத்துக்கு இங்கிலீஷ்

தேயிலை எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை என்றால், ஊரார் திட்டையெல்லாம் இங்கிலீஷில் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்குகிற உத்தியோகம். மேலதிகாரியிடம் இங்கிலீஷில் வாங்கிக் கட்டிக்கொண்டு, புரியாமலேயே "தேங்க்யூ சார்" சொன்ன சக பாவிகளே, என் பாடு உங்களுக்குத் தெரியும். எழுபதுகளில், கேரளத்துப் பீர்மேட்டு மழையில் டைப்ரைட்டர் ரிப்பன்கூட நமத்துப்போகும். ஆனாலும் அந்த ஆபீஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

துரையின் வருத்தம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். 'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அடடா, எஸ்டேட் மேனேஜர் துரைக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போய்ப் பெட்டியைக் கட்டினேன். ஹெட்கிளார்க் வர்கீஸ் சார் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எடோ, துரை வருத்தப்பட்டா லீவு இல்லைன்னு அர்த்தம். சந்தோஷப்பட்டாத்தான் பஸ் ஏறணும்!"

மண்ணை வாரித் தூற்றியது

கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு எடைக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாள். சூப்பர்வைசர் அவள் கூடையைச் சேற்றில் கவிழ்த்துவிட்டான். சும்மா விடுவாளா? ரெண்டு கையாலும் மண்ணை வாரி அவன் முன்னால் தூற்றி, "நீ நாசமாப் போவ! ஒன் வாயில மண்ணு விழ!" என்று மலையே அதிரச் சாபம் விட்டாள்.

மறுநாளே விசாரணை. திட்டியது எழுத்தில் ஏறினால் வேலை போய்விடும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அந்த மழையில் கைக்குழந்தையோடு எங்கே போவாள்? சூப்பர்வைசரோ என் மேஜையைத் தட்டினான். "அவ சொன்னது ஒண்ணு விடாம இங்கிலீஷ்ல வரணும், கேட்டியா!"

மண் இடம்பெயர்ந்தது

வர்கீஸ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். 'மேற்படி தொழிலாளி, சூப்பர்வைசரின் எதிர்கால நலன் குறித்துத் தமது ஐயப்பாட்டைத் தெரிவித்தார். அச்சமயம் சிறிதளவு மண் இடம்பெயர்ந்தது.' இந்த அர்த்தத்தில் ஜோரான இங்கிலீஷ்! இங்கிலீஷ் தெரியாததைக் காட்டிக்கொள்ள மனசில்லாத சூப்பர்வைசர், எல்லாம் சரியென்று தலையாட்டினான். இதற்கா ஒரு விசாரணை என்று துரை பேச்சியம்மாவை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

ஓடிப்போய், எழுதியதை அவளிடம் தமிழில் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று பார்த்தால், பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னை முறைத்தாள். "வேலையக் காப்பாத்திட்டிய, நல்லாருப்பிய. ஆனா வயிறெரிஞ்சு விட்ட சாபத்துல இப்படித் தண்ணிய ஊத்திட்டியளே ரைட்டரய்யா, இனி அது எப்படிப் பலிக்கும்?"

அந்த சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகும்வரை ஒரு தும்மல்கூட இல்லாமல் குண்டுக்கல்லாட்டம் இருந்தான் என்றால், தப்பு முழுக்க என் இங்கிலீஷ் மேல்தான்.