மரியாளின் மடி

மும்பை அருங்காட்சியகத்தில் பழைய ஐரோப்பிய அச்சுப்படம் ஒன்றின் முன் நின்றுவிட்டேன். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மரியாள் மடியில் கிடத்தியிருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தாராவியில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து அண்ணன் இறந்தான். அவன் தலையை மடியில் வைத்திருந்த அம்மா அழவேயில்லை.

"வாய்விட்டு அழுதுருங்க மதினி," என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவை உலுக்கினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ சாப்ட்டியா?"

இல்லையென்று தலையாட்டினேன். அண்ணன் தலையை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, எழுந்துபோய்ச் சோறு போட்டுத் தந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் முழுவதையும் தின்றேன்.

"மம்மி, இது யாரு?" என்று அச்சுப்படத்தைக் காட்டிக் கேட்டாள் என் மகள்.

"ஒரு அம்மா," என்றேன்.